கடைசிச் சரணத்துச் சால்வை

ஜீவன் அழத் தொடங்கிவிட்டான்.

கலாராணி தேயிலைச் செடிகளுக்குப் பின்னால் குந்தியிருந்தாள். எழும்பக் கூடாது. தாயைக் கண்டால் கைப்பிள்ளை அழுகையை நிறுத்திவிடுவான். இந்திப் படத்துக்கு அந்த அழுகைதான் வேண்டுமாம்.

புசல்லாவை மலை முழுக்கக் கேட்கும்படி ஒலிபெருக்கியில் பாட்டு ஓடியது. கொழுந்து மலையில் அநாதைப் பிள்ளையைக் கண்டெடுத்தவள் பாடும் பாட்டு. மும்பையிலிருந்து வந்த கதாநாயகி உதட்டை மட்டும் அசைத்தாள்.

அவள் ஜீவனைப் பிடித்திருந்த விதம்தான் கலாராணிக்குப் பொறுக்கவில்லை. இரண்டு கைகளையும் நீட்டி, தன் உடம்பில் பட்டுவிடாதபடி, ஊத்தைத் துணியைப் பிடிப்பதுபோல.

"தோட்டத்து லயத்து வீட்டுப் புள்ளைன்னா அழுக்கு ஒட்டிக்குமாக்கும்," பக்கத்தில் ஒளிந்திருந்த பாப்பம்மா முணுமுணுத்தாள். "கல்யாணம் ஆவாதவ. புள்ள தூக்கத் தெரியுதா பாரு."

ஜீவனின் அழுகை இழுத்து இழுத்து வந்தது. இடையில் மூச்சே இல்லை. பெற்றவளுக்கு அது எப்படி இருக்கும், நீங்களே சொல்லுங்கள்.

கலாராணி எழும்பிவிட்டாள்.

படப்பிடிப்புக்காரர்களோடு கண்டியிலிருந்து வந்திருந்த அஸ்ஃபர் கையை விரித்து மறித்தார்.

"கொஞ்சம் பொறுங்க தங்கச்சி. புள்ளைய நெஞ்சோட அணைச்சா ஷொட் முடிஞ்சிரும்."

"அணைக்கச் சொல்லுங்களேன் அண்ணே! அவதான் மாட்டேங்கிறாளே!"

இயக்குநர் கத்தினார். கதாநாயகி தலையை ஆட்டி மறுத்தாள். மறுபடியும் கத்தினார்.

அவள் கண்களை இறுக மூடிக்கொண்டு, ஜீவனை மார்போடு சேர்த்தாள்.

"கட்!"

கலாராணி ஓடினாள். செடிகள் காலைக் கீறின. பிடுங்குவதுபோலப் பிள்ளையை வாங்கினாள். ஏசுவதற்கு வாயைத் திறந்தாள்.

திறந்த வாய் அப்படியே நின்றது.

கதாநாயகியின் சிவப்புச் சட்டையின் முன்புறத்தில் இரண்டு ஈர வட்டங்கள் பரவிக்கொண்டிருந்தன.

மழை இல்லை. பிள்ளையின் துணியும் காய்ந்துதான் இருந்தது.

கலாராணி குனிந்து தன் சட்டையைப் பார்த்தாள். அதுவும் அப்படித்தான் நனைந்திருந்தது.

அந்தப் பெண் அவளையே பார்த்தாள். உதடு நடுங்கியது. பின்னால் ஆட்கள் குடையும் கண்ணாடியுமாக வந்துகொண்டிருந்தார்கள்.

கலாராணி தன் சால்வையை உருவி, அவள் தோளைச் சுற்றி, முன்னால் நன்றாக இழுத்துப் போர்த்திவிட்டாள். தனக்கு மறைப்பாக ஜீவனை அணைத்துக்கொண்டாள்.

யார் சொல்லியும் அந்தப் பெண் அன்று முழுவதும் சால்வையைக் கழற்றவில்லையாம்.

இப்போது படம் வந்துவிட்டது. கடைசிச் சரணத்தில் திடீரென்று முளைக்கும் சால்வையை, இயக்குநர் விட்ட பிழை என்று யூடியூப்பில் போட்டுச் சிரிக்கிறார்கள்.

பாப்பம்மாவுக்கு இன்னும் ஆறவில்லை.

"ஒம் புள்ளைய ஒட்டாம வச்சிருந்தவளுக்கு எதுக்குடி ஒஞ் சால்வ?"

"நம்ம ஊரு பனி அவளுக்குத் தாங்குமாக்கா?" என்றாள் கலாராணி. "நடுங்கிப் போயிட்டா, பாவம்."