மூன்றாம் படி

இதை நான் நேரில் பார்க்கவில்லை, சொல்லக் கேட்டதுதான்.

ஒரு குட்டி நாட்டில், பனித்தரையில் சறுக்கி ஆடும் தேசியப் போட்டி நடந்தது. ஆட வந்தவள் லீவா என்ற சிறுமி மட்டும்தான்.

"என்மேல ஏற ஆள் வந்தாச்சு," என்றது பதக்க மேடையில் ஜெயித்தவர் ஏறி நிற்கும் உயரமான முதல் படி. "உன் பாடுதான் பாவம், தம்பி. இன்னைக்கும் யாரும் ஏறலைன்னா உன்னையும் விறகாக்கிடுவாங்களாம்."

இரண்டாம் படியைப் போன வருஷமே விறகாக்கிவிட்டார்கள்.

"தெரியும் அண்ணே," என்றது மூன்றாம் படி. அதன்மேல் இதுவரை ஒரு கால்கூடப் பட்டதில்லை.

லீவா ஆடினாள். துள்ளிச் சுழலும்போது விழுந்தாள். எழுந்து ஆடி முடித்தாள். பெயரைச் சொல்லிக் கூப்பிட்டதும் சறுக்குக் காலணியோடே வந்தாள். முதல் படி அவளுக்கு இடுப்புயரம். காலைத் தூக்கிப் பார்த்தாள், எட்டவில்லை.

"ஏறும்மா, ஏறு!" என்று தவித்தது முதல் படி.

அவள் மூன்றாம் படியில் உட்கார்ந்துவிட்டாள். "நான் ஒருத்தியே ஆடி ஜெயிச்சா அது ஜெயிப்பா?" என்று விசும்பினாள்.

"நீ விழுந்ததைப் பார்த்தேன். எழுந்ததையும் பார்த்தேன்," என்றது மூன்றாம் படி. "கொஞ்சம் உட்காரு. அப்புறம் என்மேல கால் வச்சு ஏறிக்கோ."

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு அதன்மேல் ஏறி நின்றாள். அங்கிருந்து முதல் படிக்கு ஒரே எட்டு.

எல்லோரும் கை தட்டினார்கள். அந்தச் சத்தத்தில் முதல் படி மெல்லக் கேட்டது: "ரொம்பக் கனமா இருந்தாளா, தம்பி?"

"ஆமாண்ணே," என்றது மூன்றாம் படி, சந்தோஷமாக.

மனசு கேட்காமல் பிறகு விசாரித்தேன். மூன்றாம் படி இன்னும் இருக்கிறது. அதன் பலகையில், காலணியின் இரும்புத் தகடு கீறிய கோடும் இருக்கிறது.