இனி கோமதியாக இவர்

ஏழு மணி சீரியலில் மூத்த மருமகள் கதவைத் திறந்துகொண்டு வந்தாள். நேற்று வரை இருந்த முகம் இல்லை.

படம் அப்படியே நின்றது. இனி இந்தப் பாத்திரத்தில் இவர் நடிப்பார் என்று மஞ்சள் எழுத்தில் ஒரு வரி ஓடியது.

டிவியிலிருந்து கண்ணை எடுத்து அவள் தன் அம்மாவைப் பார்த்தாள்.

அம்மா கட்டிலில் சாய்ந்து பொரிகடலையை ஒவ்வொன்றாக வாயில் போட்டுக்கொண்டிருந்தாள்.

முன்பெல்லாம் இப்படிச் சும்மா இருக்கிறவள் இல்லை. எந்தப் படம் இடைவேளைக்கு அப்புறம் இழுவை, எந்தக் கதாநாயகனுக்கு அழத் தெரியாது, எந்தப் பாடகிக்கு உச்சத்தில் மூச்சு வாங்குகிறது, எல்லாவற்றுக்கும் அம்மாவிடம் தீர்ப்பு உண்டு. இப்போது வருகிற பாட்டில் பாடுகிறவன் குரலை மேளம் தின்றுவிடுகிறது என்பாள். தீர்ப்பைத் தபால் கார்டில் எழுதி டிவி நிலையத்துக்கு அனுப்பியும்விடுவாள். அதில் ஏழு கார்டுகளை நேயர் கடிதத்தில் வாசித்திருக்கிறார்கள். 'நேயர் செண்பகவல்லி, கோவில்பட்டி' என்று முதல் தடவை தன் பேரைக் கேட்டதும் அம்மா நாற்காலியை விட்டு எழுந்து நின்றுவிட்டாள். அன்றைக்கு மகளுக்குப் பத்து வயது.

சீரியலில் ஆள் மாற்றுவதற்கும் அம்மாவிடம் ஒரு நியாயம் இருந்தது. நடிக்கிறவள் மாறினாலும் பின்னணிக் குரல் கொடுக்கிறவள் மாறாமல் இருந்தால் மன்னித்துவிடுவாள்.

"கண்ண மூடிக்கிட்டுக் கேளு. பழையவதான்" என்பாள்.

அதெல்லாம் மறதி வருவதற்கு முன்.

முதலில் சாப்பிட்டதை மறந்தாள். அப்புறம் அப்பா செத்ததை.

சித்திரையில் மகளையும் மறந்தாள்.

வீட்டில் இருப்பதே இரண்டு பேர். அம்மா என்று அவள் கூப்பிட்டால், "யாருக்கு யாரு அம்மா?" என்று அம்மா சண்டைக்கு வந்தாள். அதற்குப் பயந்து வாயைத் திறப்பதையே விட்டுவிட்டாள். மாத்திரையை உள்ளங்கையில் வைத்து நீட்டுவாள். தட்டைப் பக்கத்தில் நகர்த்துவாள். ஜாடையிலேயே நாலு மாதம் ஓடிவிட்டது.

விளம்பரம் வந்தது. அம்மா திரும்பி அவளை மேலும் கீழும் பார்த்தாள்.

"நீயும் நடுவுல வந்தவதான?"

அவளுக்குப் புரியவில்லை.

"கோமதிக்குப் பதிலா."

கோமதி அவள் பெயர்.

நான்தான் கோமதி என்று சொல்லிச் சொல்லித் தோற்றவள். ஆமாம் என்று தலையாட்டிவிட்டாள்.

"அதான பாத்தேன்." அம்மாவின் முகத்தில் பல நாள் குழப்பம் தீர்ந்த நிம்மதி. "கார்டு இருக்கா? எழுது."

இருந்தது. அம்மா வாங்கிவைத்த கட்டு அலமாரியில் இன்னும் தீரவில்லை. அவள் பேனாவை எடுத்துக்கொண்டு கட்டிலடியில் உட்கார்ந்தாள்.

அம்மா சொல்லச் சொல்ல எழுதினாள். பழைய கார்டுகளில் இருந்த அதே நேயர் தமிழ். ஒரு சொல்கூடப் பிசகவில்லை.

ஐயா, வணக்கம். கோமதியாக வந்தவரை நிறுத்தியது சரியல்ல. அவர் அந்த வேடத்துக்குப் பொருத்தமானவர். தலை சீவிவிட்டால் வலிக்காது. ரசத்தில் உப்பு மட்டும் சற்றுக் கூடும். கோபக்காரர் போலத் தெரிவார். ஆனால் சண்டை போட்ட அன்றைக்கும், சாப்பிட்டாயா என்று கேட்காமல் படுக்க மாட்டார். அவரையே மறுபடியும் போடுமாறு வேண்டுகிறேன்.

பள்ளிக்கூட ஆண்டு விழாவில் அவள் பாடிவிட்டு ஓடிவந்தபோது, சுருதி சேரவில்லை என்றவள் இந்த அம்மா. முகம் தெரியாத நடிகைகளை வாயாரப் புகழ்ந்தவள், பெற்ற பெண்ணைப் பற்றி நல்லதாக ஒரு வார்த்தை சொன்னதில்லை. நாற்பத்தொன்பது வயதில் இப்போதுதான் காதில் விழுகிறது. அதையும் யாரோ ஒருத்தியிடம் சொல்கிறாள். அவளால் சந்தோஷப்படவும் முடியவில்லை.

எழுத்து கலங்கித் தெரிந்தது.

அம்மா கவனித்துவிட்டாள். எழுதுவதை நிறுத்தச் சொல்லிக் கையைக் காட்டினாள்.

"வருத்தப்படாத. ஒம் பொழப்புல மண்ணப் போட மாட்டேன். புதியவரும் நன்றாகவே செய்கிறார்னு ஒரு வரி சேத்துக்க."

சேர்த்துக்கொண்டாள்.

கார்டில் இடம் முடிந்துவிட்டது. ஓரத்தில் நேயர் செண்பகவல்லி, கோவில்பட்டி என்று நுணுக்கி எழுதினாள். அம்மா அதை வாங்கிக் கண்ணுக்குக் கிட்டே வைத்துப் பார்த்தாள். சரி என்று திருப்பிக் கொடுத்தாள்.

சீரியல் மறுபடி தொடங்கியது. புது மருமகள் சமையலறையில் நின்று அழுதாள். அம்மா அதைப் பார்க்கவில்லை.

"அவ வர்ற வரைக்கும் நீ இருப்பேல்ல?"

இதற்கு ஜாடை போதவில்லை.

"இருப்பேம்மா" என்றாள்.

அம்மா என்று சொல்லியிருக்க வேண்டாம். சண்டைக்காகக் காத்திருந்தாள்.

சண்டை வரவில்லை. அம்மா கையிலிருந்த பொரிகடலையைக் கிண்ணத்தில் திரும்பப் போட்டாள்.

"ஆளத்தான் மாத்திருக்காங்க" என்றாள். "குரலு அவளோடதுதான்."

ரிமோட்டைத் தேடி எடுத்து டிவியின் சத்தத்தை அணைத்தாள். தலையணையில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டாள்.

"பேசு."

நாலு மாதம் பேசாதவள் கார்டை மடியில் வைத்துக்கொண்டாள்.

"சாப்ட்டியாம்மா?" என்று கேட்டாள்.