தென்னைக்குப் போன கடல் தண்ணீர்

இதில் ஒரு வார்த்தை பொய்யென்றால் என் நாக்கு பொரித்த அப்பளம் மாதிரி நொறுங்கிப் போகட்டும். எங்கள் ஊர்க் கரமனை ஆற்றில் கழுத்தளவு தண்ணீரில் நின்று சத்தியம் பண்ணச் சொன்னாலும் சரி, துண்டை எடுத்துக்கொண்டு இப்போதே வருகிறேன்.

என் பெண்டாட்டி வாலாம்பாள் இவ்வளவு கல்நெஞ்சக்காரியா என்று நான் ஆடிப்போனது போன ஞாயிற்றுக்கிழமை காலையில்தான்.

அடுத்த வீட்டு விஜயலக்ஷ்மியின் நாட்டுப்பெண் ஸ்நேகா. கல்யாணமாகிக் கொச்சியிலிருந்து வந்தபோது, சீர்வரிசையோடு ஒரு கடல் மீன் தொட்டியையும் கொண்டுவந்து இறக்கினாள். ஆரஞ்சு உடம்பில் வெள்ளைப் பட்டை போட்ட மீன் இரண்டு, சங்குக்குள் குடியிருக்கும் நண்டு ஒன்று. புருஷன் கௌசிக் ஆபீஸ் போய்விட்டால், பாவம், அவளுக்குப் பேச்சுத்துணை அதுகள்தான். பேர் சொல்லிக் கூப்பிட்டால் மீன்கள் திரும்பிப் பார்க்கும். நானே பார்த்தேன். ஒன்று எனக்குத் தலைகூட ஆட்டியது.

மாமியாருக்குத்தான் ஆகவில்லை.

"அக்ரஹாரத்துல நண்டாடீ?"

"அம்மா, மிச்சம் மீதியைத் தின்னு அதுதான் தொட்டியைச் சுத்தம் பண்ணும்."

"வேலைக்கு நண்டா வச்சிருக்கே? தீபாவளிக்கு அதுக்கும் புடவை எடுக்கணுமாக்கும்!"

கடைசியில் விஜயலக்ஷ்மி தீர்ப்புச் சொல்லிவிட்டாள். ஞாயிற்றுக்கிழமை பல் டாக்டர் பத்மகுமார் வண்டியோடு வருவார். தொட்டி அவர் கிளினிக்குக்குப் போய்விடும்.

அன்று காலை ஸ்நேகா கடைசித் தடவையாகத் தொட்டியைச் சுத்தம் பண்ணினாள். குழாயின் ஒரு முனையை மணலில் குத்தினால், மணல் துள்ளிவிட்டுக் கீழே தங்கிவிடும். மீன் கழிவு, மிச்சத் தீனி, பாசி எல்லாம் தண்ணீரோடு மறுமுனை வழியாக வாளிக்கு வந்துவிடும். அந்த வாளியைக் கொல்லையில் கவிழ்த்தால், மதில் ஓட்டை வழியாக நேரே எங்கள் தென்னை மரத்தடிதான். கல்யாணமானதிலிருந்து இதே வழக்கம். வாலாம்பாள் ஒரு நாளும் ஒன்றும் சொன்னதில்லை.

அன்று சொன்னாள்.

ஸ்நேகா கண்ணைத் துடைத்துக்கொண்டே வாளியைக் கவிழ்த்ததுதான் தாமதம். வாலாம்பாள் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு மதிலருகே போய் ஒரு கத்துக் கத்தினாள் பாருங்கள், வலியசாலைக் கோயில் மணி தானாக அடித்துக்கொண்டதாகக் கேள்வி.

"ஏ விஜயம்! வெளியே வாடி! உன் நாட்டுப்பெண் ஊத்தற மீன் தண்ணி என் தென்னையைக் கொன்னுடுத்து! இந்த நிமிஷமே அந்தத் தொட்டியைத் தூக்கி வெளியே போடு!"

அண்ணாந்து பார்த்தேன். கொன்றதாவது! காக்கை உட்கார இடமில்லாமல் காய்த்துத் தொங்குகிறது. அந்தத் தேங்காயில் சட்னி அரைத்தால் உப்பே வேண்டாம். சந்தேகமிருந்தால் வாருங்கள், ஒரு காய் தருகிறேன்.

"வாலா, அந்தப் பொண்ணு ஏற்கெனவே அழறது. தொட்டிதான் போகப் போறதே..."

"நீங்க உள்ளே போங்கோ!"

இவளுக்கும் விஜயலக்ஷ்மிக்கும் பழைய பகை. ஒரு நவராத்திரியில் இவள் கொடுத்த சுண்டலை அவள் வேகவில்லை என்று சொல்லிவிட்டாள். அன்றிலிருந்து இவள் மழை என்றால் அவள் வெயில் என்பாள்.

விஜயலக்ஷ்மி கையில் கரண்டியோடு வந்தாள்.

"எங்காத்துத் தொட்டியை எடுக்கச் சொல்ல நீ யாருடி?"

"நாறறது!"

"நாறினா மூக்கைப் பொத்திக்கோ! என் நாட்டுப்பெண் மீன் வளர்ப்பா, நண்டு வளர்ப்பா, வேணும்னா திமிங்கிலமும் வளர்ப்பா!"

"திமிங்கிலத்துக்கு உங்காத்துல எங்கேடி இடம்?"

"மாடியைக் காலி பண்ணிக் கொடுப்பேன்!"

அந்த நேரம் பார்த்து வாசலில் ஹாரன் சத்தம். பத்மகுமார் இரண்டு ஆட்களோடு இறங்கினார்.

"அம்மா, எந்தா பிரச்னம்? தொட்டியை எடுக்கலாமா?"

"தரதுக்கில்லை டாக்டரே. பக்கத்தாத்துக்காரி பல்லைக் கடிச்சிண்டு நிக்கறா. வந்ததுக்கு அவளை வேணும்னா பாருங்கோ."

டாக்டர் வந்த வண்டியிலேயே திரும்பிவிட்டார்.

விஜயலக்ஷ்மி விடுவிடுவென்று உள்ளே போனாள். ஸ்நேகா கையிலிருந்து குழாயைப் பிடுங்கினாள்.

"ஒரு வாளி எப்படிப் போறும்? இன்னொண்ணு எடுடி. இதை எங்கே குத்தணும், இங்கேயா?"

"மெதுவா, அம்மா! மீன் பயப்படும்."

"என்னைப் பார்த்தா? பயப்படட்டும், நல்லதுதான்."

அழுதுகொண்டிருந்த பெண் வாய்விட்டுச் சிரித்துவிட்டாள். மாமியாரும் நாட்டுப்பெண்ணும் ஒரே குழாயைப் பிடித்துக்கொண்டு அழுக்கெடுத்த அழகை எங்கள் ஜன்னல் வழியாகப் பார்த்தேன். அடுத்த வாளியை விஜயலக்ஷ்மி தன் கையாலேயே கொண்டுவந்து, எங்களுக்குக் கேட்கிற மாதிரி 'சளார்' என்று கொட்டினாள்.

எனக்கு மட்டும் கோபம் ஆறவில்லை. நேரே அடுக்களைக்குப் போனேன்.

"உனக்கு மனசுன்னு ஒண்ணு இருக்கா? அழற பொண்ணுகிட்டப் போயா உன் வீரத்தைக் காட்டணும்?"

வாலாம்பாளுக்குக் குரலே வரவில்லை. தொண்டையைத் தடவிக்கொண்டு கரகரத்தாள்.

"கத்தாதேங்கோ. கொஞ்சம் மிளகு கஷாயம் போட்டுத் தாங்கோ. வர ஞாயித்துக்கிழமையும் நான் கத்தணும்."

"இன்னுமா? என்னத்துக்கு?"

"நான் நிறுத்தினா விஜயமும் நிறுத்திடுவா. தொட்டி பல் டாக்டர்கிட்டப் போயிடும். அப்புறம் அந்தக் கொழந்தை பகல் பூரா யாரோட பேசும்?"

அடுப்பை மூட்டிக் கஷாயம் போட்டேன். இஞ்சியும் தட்டிப் போட்டு.

இது நமக்குள்ளேயே இருக்கட்டும். விஜயலக்ஷ்மி காதுவரைக்கும் போய்விட்டால், யார் சொன்னது என்று மட்டும் மூச்சு விடாதீர்கள். என் பெயர் வந்தால் வாலாம்பாள் நிஜமாகவே கத்த ஆரம்பித்துவிடுவாள்.