மூணாவது கியர்

"மூணுல போட்டா கொஞ்ச தூரம் ஓடும். அப்புறம் டக்குனு கழண்டுக்கும். நாப்பது வருசமா இதே ரோதனை தம்பி!"

ராஜவேலு தன் மோட்டார் சைக்கிளின் டாங்கைத் தட்டிக்கொண்டே சொன்னார். விழுப்புரம் ஜங்ஷனில் ஸ்டேஷன் மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவர். வயது அறுபத்தொன்பது. இங்கிலாந்தில் செய்த அந்த வண்டிக்கு அவரைவிட ஒரு வயது கூட.

திண்டிவனம் மெக்கானிக் சுதாகருக்குப் பழைய இங்கிலீஷ் வண்டி என்றால் சோறு தண்ணி வேண்டாம். குனிந்து சுற்றிச் சுற்றிப் பார்த்தான்.

"இதுக்கு முன்னாடி யாரும் பாக்கலையா சார்?"

"மூணு பேரு பாத்தானுங்க. மூணு வாட்டியும் எங்கெங்கயோ தேடிப் புதுப் பல்சக்கரம் வாங்கிக் குடுத்தேன். 'மாத்திட்டேன் சார்'னுவானுங்க. ரோட்டுல எடுத்தா பழையபடி அதே கதை! ஓடறப்ப நான் ஒரு வார்த்தை பேசமாட்டேம்பா, காது பூரா இஞ்சின்லயே இருக்கும். அப்பிடி ஓட்டியும் கழண்டுக்குது."

அவர் மனைவி தேவகி மடியில் பையை வைத்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். அவித்த மல்லாட்டைக் கடலையை உரித்து வாயில் போட்டுக்கொண்டிருந்தாள்.

"இவ அம்மா வூடு இங்கதான். மாசம் ஒருக்கா வருவோம். ஒரு நாளாவது நிக்காம வந்திருக்கோமா, கேளு! கியர் வுட்டுச்சுன்னா கால்மணி நேரம் ஓரங்கட்டி ஆறப் போடணும். அப்பதான் மறுபடி புடிக்கும். முண்டியம்பாக்கத்துல நிப்போம், விக்கிரவாண்டில நிப்போம்..."

"கூட்டேரிப்பட்டுல நின்னப்பதான் சித்தார்த்தன் வயித்துல இருக்கறதைச் சொன்னேன்" என்றாள் தேவகி.

"ஆமா, அன்னிக்கு அடிச்சுது பாரு ஒரு மழை! ரெண்டு பேரும் புளியமரத்தடியில ஒண்டிக்கினு நின்னோம். ரோட்டை அகலமாக்கறேன்னு அந்த மரத்தையும் வெட்டிட்டானுங்க." ராஜவேலுவின் குரல் கொஞ்சம் இறங்கியது. "எங்கப்பா செத்த வாரம் விக்கிரவாண்டில நின்னுச்சு. வூட்ல அழாதவன் தம்பி, அங்க மைல்கல்லு மேல உக்காந்து அழுதேன். இவதான் முந்தானையால மூஞ்சியைத் துடைச்சு வுட்டா."

சட்டென்று சுதாரித்துக்கொண்டு, "பேஜாரு புடிச்ச வண்டி!" என்று சீட்டில் ஓர் அடி போட்டார்.

பிறகு எண்ணெய்த் தாள் சுற்றிய ஒரு பொட்டலத்தை நீட்டினார். "புதுப் பல்சக்கரம், பையன் லண்டன்லேர்ந்து அனுப்பினது. எழுபது முடியறதுக்குள்ள ஒரே ஒரு வாட்டி, விழுப்புரத்துல ஏறினா திண்டிவனத்துலதான் காலை ஊணணும். வேற ஆசை ஒண்ணும் இல்லப்பா எனக்கு."

சுதாகருக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. "இன்னிக்கு முடிச்சுக் குடுக்கறேன் சார். இனிமே கழண்டுக்குச்சுன்னா நான் ஸ்பேனரையே தொடமாட்டேன்."

"நல்லா இரு. ஆனா நீ பிரிக்கறப்ப நான் இங்க இருக்க மாட்டேன். வண்டி வயித்தைக் கிழிக்கறதைப் பாக்க எனக்கு மனசு வராது. எதிர்ல டீ குடிச்சிக்கினு இருக்கேன்."

அவர் சாலையைக் கடந்ததும் சுதாகர் கியர்பாக்ஸைப் பிரித்தான். கறுப்பு எண்ணெய் வடிந்தது. மூணாவது கியரின் சக்கரத்தை வெளியே எடுத்துத் துடைத்தான். கவ்விப் பிடிக்க வேண்டிய முனைகள் சப்பிப் போட்ட மாங்கொட்டை மாதிரி மழுங்கியிருந்தன. கழண்டுக்காமல் என்ன செய்யும்?

மூன்று முறை மாற்றிய சக்கரமா இது? வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தான். மற்ற சக்கரங்களில் குத்தியிருந்த அதே பழைய எண் இதிலும் இருந்தது.

"அம்மா, அநியாயம்மா! இது வண்டியோட பொறந்த சக்கரம். இதை இதுவரைக்கும் ஒருத்தனும் மாத்தவே இல்ல. மூணு பேரும் சாரை நல்லா ஏமாத்தியிருக்கானுங்க. இருங்க, இப்பவே கூப்புட்டுச் சொல்றேன்!"

"கத்தாத தம்பி." தேவகி எழுந்து அருகே வந்தாள். பையைத் திறந்து, மல்லாட்டைக்கு அடியிலிருந்து மூன்று பொட்டலங்களை எடுத்துப் பிரித்துக் காட்டினாள். மூன்று பல்சக்கரங்கள், எண்ணெய் மினுமினுப்புகூடப் போகாமல் இருந்தன. "பாவம், அவங்க மேல தப்பு இல்ல. நான்தான் கேட்டு வாங்கி வெச்சுக்கினேன். பழசையே போட்டு மூடிடு. இந்த நாலாவதையும் எங்கிட்ட குடுத்துடு."

சுதாகர் புதுச் சக்கரம் ஒன்றை எடுத்துப் புரட்டிப் பார்த்தான். "ஏம்மா?"

"ஓடறப்ப இஞ்சின் சத்தம், வூட்டுக்குப் போனா பேப்பரு. வண்டி நின்னாதான் தம்பி, அவரு எங்கிட்ட பேசுவாரு."

எதிர் டீக்கடையிலிருந்து ராஜவேலுவின் குரல் வந்தது. "இன்னாப்பா, மாத்திட்டியா?"

சுதாகர் கையிலிருந்த பழைய சக்கரத்தைப் பார்த்தான். தேவகியைப் பார்த்தான்.

"மாத்திட்டேன் சார்!" என்றான் நாலாவது மெக்கானிக்கும்.