இரண்டாவது முகம்

அறையில் இன்னொருவர் இருக்கிறார் என்று மடிக்கணினித் திரையில் சிவப்புக் கட்டம் மறுபடி துடிக்கிறது. இன்னொரு எச்சரிக்கை வந்தால் தேர்வு ரத்து. பயிற்சி மருத்துவர் பெர்னிஸ் கண்ணை மட்டும் சுழற்றிப் பார்க்கிறாள். கட்டில், அலமாரி, தாழிட்ட கதவு. எங்கே இருக்கிறார் அந்த இன்னொருவர்? ஜன்னலுக்கு வெளியே பிரிக்பீல்ட்ஸ் மோனோரயில் உறுமிக்கொண்டு போகிறது. போன தேர்வுவரை மண்டபத்தில் உட்கார்ந்து காகிதத்தில் எழுதினார்கள். வாய்க்குள் முணுமுணுத்தபடி யோசித்தாலும் ஏனென்று கேட்க ஆளில்லை. இப்போது வீட்டிலிருந்தே கணினியில் எழுத வேண்டும்; கண்காணிக்கும் கேமரா முன் உதடு அசைந்தாலே குற்றம். கேள்வியில் ஒரு நோயாளி மூச்சுத் திணறிக்கொண்டிருக்கிறார், கடிகாரம் அவருக்காக நிற்பதாயில்லை. திரையோரம் தெரியும் தன் முகத்தை முறைத்தபோதுதான் அவளுக்குப் பிடிபடுகிறது. தோளுக்குப் பின்னால், சுவரில், படத்துக்குள்ளிருந்து பார்க்கும் திரு இருதய ஆண்டவர். மகளுக்குத் துணையிருக்கட்டுமென்று அம்மா ஜோசஃபின் காலையில்தான் மாட்டி, மல்லிகைச் சரமும் சாத்தியிருக்கிறாள். நாற்காலியை விட்டு எழாமல் பெர்னிஸ் கையைப் பின்னால் நீட்டிப் படத்தைச் சுவர்ப்பக்கம் திருப்புகிறாள். சட்டம் சுவரில் மோதுகிறது, மல்லிகை அவள் தோளில் உதிர்கிறது, சிவப்புக் கட்டம் அணைகிறது. கதவிடுக்கில் அம்மாவின் கிசுகிசுப்பு.

"என்னம்மா சத்தம்? ஆண்டவர் படம் விழுந்துருச்சா?"

பெர்னிஸ் அடுத்த விடையைச் சொடுக்குகிறாள்.

"ஏதாச்சும் சொல்லு லா. நீ ஒருத்தியா உக்காந்திருக்கக் கூடாதுன்னுதானே மாட்டுனேன்."

திரையில் அவள் முகம் மட்டும் இருக்கிறது, வாயை இறுக மூடிக்கொண்டு.