அண்ணன் போட்ட ஓட்டை

"சேட்டா, இந்த ஓட்டை நான் போட்டதில்ல" என்றான் ஒயரிங் வேலைக்கு வந்த ரிஜின்.

சுவருக்குள் போகும் ஒயரை எலி கடித்திருந்தது. அதைப் பிடித்து இழுக்க பூபதிராஜா பக்கத்து ஜிப்சம் போர்டை அறுத்தால், உள்ளே இருந்த இடைவெளிக்கு அப்பால் அண்ணன் பக்கத்துப் போர்டும் சதுரமாக அறுபட்டிருந்தது. குறுக்கே ஒரு தோள்துண்டு மறைப்பாகத் தொங்கியது. விலக்கிப் பார்த்தால், அண்ணனின் தலையணை.

பூபதிராஜாவுக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது.

கொழிஞ்சாம்பாறையில் அப்பா கட்டிய வீடு அது. தென்னந்தோப்புக்காக அண்ணனும் தம்பியும் கோர்ட்டு ஏறிய பிறகு கூடத்தின் நடுவே இந்தச் சுவர் முளைத்தது. செங்கல் வைத்துக் கட்டும்வரைகூடப் பொறுமையில்லை, ஒரே நாளில் போர்டை நிறுத்திக்கொண்டார்கள். அதோடு பேச்சும் நின்றது. போன மாதம் பூபதிராஜாவின் மனைவி வள்ளியாத்தாள் செத்தபோதுகூட, அண்ணன் காளிச்சாமி வாசலோடு நின்று திரும்பியவர்தான்.

"வக்கீல்கிட்ட நான் பேசறதயெல்லாம் படுத்துட்டே ஒட்டுக் கேட்டிருக்கறாரு பாரு. இதக் கோர்ட்டுல காட்டி அந்த மனுசன நாறடிக்காம உடமாட்டேன்."

போனில் படம் எடுத்துக்கொண்டு நேரே அண்ணன் வாசலுக்குப் போனான். அண்ணி கமலாத்தாள் கையைத் துடைத்தபடி வந்தாள்.

"எங்கீங்க உங்கூட்டுக்காரரு?"

"தோட்டத்துக்குப் போயிருக்கறாருங்க தம்பி."

படத்தை அவள் முகத்துக்கு நேரே நீட்டினான். "பொண்டாட்டி செத்தவன் ஊட்டுல அப்பிடி என்னத்தங்க கேக்கறாரு?"

அவள் மறுக்கவில்லை.

"காரியத்தன்னிக்கு, 'நானும் அவ போன வழியிலயே போயிர்றேன்'ன்னு சொல்லி அழுதீங்கல்லங்க. நாந்தான் வந்து அவருகிட்டச் சொன்னேன். அன்னிக்கே அறுத்துப்போட்டாரு."

பூபதிராஜா நீட்டிய போனை இறக்கினான். அழுததோடு அவன் நிற்கவில்லை. வாங்கி வந்த பூச்சிமருந்து இன்னும் பரண்மேல்தான் இருந்தது. அது யாருக்கும் தெரியாது.

அண்ணி குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"உங்க பக்கத்து ஓட்டைய அடைச்சுக்குங்க தம்பி. எங்க பக்கம் அப்பிடியே இருக்கட்டுமுங்க. உங்க கொறட்டைச் சத்தம் கேட்டாத்தான் அவரு கண்ண மூடறாரு."