மாடியில் காய்த்த கத்திரிக்காய்

வீட்டுக்காரம்மாவுக்குக் குமட்டிக்கொண்டு வந்தது. மாடியில் குடியிருக்கும் நர்ஸ் பழைய பெயிண்ட் வாளிகளில் கத்திரி வளர்க்கிறாள். அந்தச் செடிகளுக்கு அவள் மீன் கழுவிய தண்ணீரை ஊற்றியதை இந்தம்மா கண்ணால் பார்த்துத் தொலைத்துவிட்டாள்.

இன்றும் ஒரு பை நிறையக் காய் வந்திருந்தது. ஒவ்வொன்றாக இரண்டு விரலால் தூக்கிக் குப்பை வாளியில் போட்டாள்.

"பிடிக்கலைன்னு சொல்லிட வேண்டியதுதானே?" என்றார் கணவர்.

"சொன்னா, அவ தூக்கி வளர்த்த தங்கச்சியை நம்ம பையனுக்குக் கொடுப்பாளா? சும்மா இருங்க."

வாளியை வழக்கம்போல வாசலில் வைத்தாள். காலையில் அது காலியாகியிருந்தது.

அன்றே மாடியேறினாள்.

"நேத்துக் கொடுத்தியே, அடடா, வெண்ணெயாக் கரைஞ்சுது! என் பையன் கேட்டுக் கேட்டுச் சாப்பிட்டான். உன் தங்கச்சியை அவனுக்குக் கொடும்மா. கண்ணுக்குள்ள வெச்சுப் பாத்துக்கிறேன்."

நர்ஸ் மூலையிலிருந்த உரத்தொட்டியின் மூடியைத் திறந்தாள். வீட்டுக்காரம்மா மூக்கைப் பொத்திக்கொண்டு எட்டிப் பார்த்தாள். மேலாகவே கிடந்தன கத்திரிக்காய்கள், காம்புகூடக் கிள்ளாமல்.

"குப்பை வண்டி வர்றதுக்கு முன்னாடி, உரத்துக்காக உங்க வாளியை நான்தான் காலி பண்றேன். போன வாரம் பார்த்தப்போ, தவறி விழுந்திருக்கும்னு நினைச்சேன்."

வீட்டுக்காரம்மா மூக்கிலிருந்து கையை எடுத்தாள்.

நர்ஸ் முகத்தைச் சுளித்தபடி மூடியைச் சாத்தினாள்.

"ஆசையா வளர்த்ததை இனிமே உங்க வீட்டுக்குக் கொடுக்கிறதா இல்லைம்மா."